இ-டைப் ஜாகுவாரை ஏலத்தில் எடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் பொறியாளராக இருக்கிறேன், வயது 46. 2022இல் ஒரு மெர்சிடிஸ் கார் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனதைப் படித்ததிலிருந்து பழைய கார்கள் மீது ஆசை வந்துவிட்டது. சேமிப்பாக 70,000 பவுண்டு இருக்கிறது. 1960களின் ஜாகுவார் இ-டைப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, பத்து ஆண்டுகள் கழித்து விற்றால் லாபம் கிடைக்குமா? வரியும் கிடையாது என்கிறார்களே?

பதில்: அந்த மெர்சிடிஸை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். 1955இல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட 300 எஸ்எல்ஆர் கூபேக்களில் அது ஒன்று. அந்த ஆண்டோடு நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியதால் பந்தயத்தில் ஓடாமலே போய், தலைமைப் பொறியாளர் ரூடால்ஃப் ஊலன்ஹௌட் சொந்தப் பயணங்களுக்கு ஓட்டிய கார். இ-டைப்போ 1961 முதல் 1974 வரை 70,000க்கும் அதிகமாகத் தயாரானது. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அரிய கார் என்று சொல்வதற்கில்லை.

இனி கணக்கு. நீங்கள் கேட்கும் ஏலம் 60,000 பவுண்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரிடம் ஏல நிறுவனம் 15 சதவீதக் கட்டணம் வசூலித்தால் அது 9,000. அந்தக் கட்டணத்தின் மீது 20 சதவீத வாட் வரி 1,800. ஆக 70,800 பவுண்டு, அதாவது உங்கள் சேமிப்பு முழுவதும் போய் அதற்கு மேலும் 800 தேவைப்படும். விற்கும்போது 10 சதவீதக் கமிஷனும் அதற்குரிய வாட் வரியும் போனால், போட்ட பணம் திரும்புவதற்கே ஏல விலை சுமார் 80,500ஐத் தொட வேண்டும். பத்து ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு வெறும் அசலுக்கே சரியாகிவிடும். நிறுத்துமிடம், காப்பீடு, துருப்பிடித்த அடித்தகட்டை மாற்றும் கூலி எல்லாம் தனி.

வரி பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். பிரிட்டனில் பயணிகள் காருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் அதே விதியால் நட்டத்தையும் வேறு லாபத்தில் கழிக்க முடியாது. அடிக்கடி வாங்கி விற்றால் வியாபாரமாகக் கருதி வருமான வரி கேட்பார்கள். நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய காருக்குச் சாலை வரி விலக்கு உண்டு என்றாலும், அது முதலீட்டைத் தீர்மானிக்கும் தொகையல்ல.

என் யோசனை: முதுமைக்கான பணத்தில் இதைச் செய்யாதீர்கள்; ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடக்கூடிய, வரிவிலக்குள்ள ஐசா (ISA) சேமிப்புக் கணக்கு முதலில் நிரம்பட்டும். பிறகு, இழந்தாலும் வீடு தள்ளாடாத தொகை தனியாகச் சேர்ந்தால் வாங்குங்கள். அப்போதும் பளபளக்கும் வண்ணப் பூச்சைப் பார்த்து மயங்காமல், ஜாகுவார் டெய்ம்லர் மரபு அறக்கட்டளை தொழிற்சாலைப் பதிவேட்டின்படி தரும் சான்றிதழை வரவழைத்து, அதிலுள்ள சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் எண்களை ஓர் இ-டைப் மெக்கானிக்கைக் கொண்டு காரில் ஒப்பிடச் செய்யுங்கள். எண்ணெய் வடிகட்டிக்கு மேலே எஞ்சின் பிளாக்கில் அடித்த எண் சான்றிதழோடு பொருந்தவில்லை என்றாலோ, அந்த இடம் புதிதாகத் தேய்த்தது போல் தெரிந்தாலோ, அசல் எஞ்சின் உள்ள காருக்குரிய விலை வரை ஏலம் கேட்காதீர்கள்.