பொதுச்சாலையைத் தனியார் நடத்தி டோல் வசூலிப்பது சரியா? மலேசியாவில் எப்படி?

கேள்வி கேட்டவர் மதுரைக்காரர். உறவினர் வீட்டு விசேஷத்துக்குக் கோலாலம்பூர் வந்திருக்கிறார். கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள பூச்சோங்கிலிருந்து ஊருக்குள் ஒரு சுற்று போய்வருவதற்குள் காரிலிருந்த அட்டையில் பலமுறை காசு கழிந்ததைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். இந்தச் சாலைகள் யாருடையவை? தனியார் கையில் இவற்றைக் கொடுப்பது நியாயமா? பண்டிகைக்கு டோல் இலவசம் என்கிறார்களே, அந்தக் காசை யார் கட்டுகிறார்கள்?

நான் பூச்சோங்கில் ஒரு சிறிய லோரி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். டோல் என் தினசரி வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் உடைமை. மலேசியாவில் நெடுஞ்சாலையைத் தனியாருக்கு யாரும் விற்றுவிடவில்லை. நிலமும் சாலையும் அரசுடையவை. நிறுவனத்துக்குக் கிடைப்பது கட்டி, பராமரித்து, குறிப்பிட்ட ஆண்டுகள் வசூல் செய்துகொள்ளும் உரிமை. காலம் முடிந்ததும் சாலை அரசிடம் திரும்ப வர வேண்டும். கனடாவில் ஒன்டாரியோ மாநிலம் 407 என்ற நெடுஞ்சாலையை 1999-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மூன்று தலைமுறைக்குக் கைவிட்டுப் போன சாலை அது. எங்கள் ஒப்பந்தங்கள் அந்த அளவுக்கு நீளம் இல்லை. ஆனால் காலம் நெருங்கும்போது நீட்டித்துக்கொண்டே போகிறார்கள் என்பதுதான் எங்கள் பிரச்சினை.

பிளஸ் என்ற நெடுஞ்சாலை நிறுவனத்தின் கதையைச் சொன்னால் விளங்கும். கெடா எல்லையிலிருந்து ஜோகூர் வரை 772 கிலோமீட்டர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. 1988-இல் தனியாருடன் ஒப்பந்தம் போட்டு, 1994-இல் முழுமையாகத் திறந்தார்கள். சாலை உண்மையிலேயே நல்ல சாலை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் யார் எவ்வளவு துணிந்து இறங்கினார்கள் என்று பாருங்கள். அரசு 165 கோடி ரிங்கிட் ஆதரவுக் கடன் கொடுத்தது. எதிர்பார்த்த அளவு வண்டிகள் ஓடாவிட்டால் ஈடுகட்டுவதாகவும், வெளிநாட்டுக் கடனில் நாணய மதிப்பு சரிந்தாலோ வட்டி ஏறினாலோ தாங்கிக்கொள்வதாகவும் உறுதி சொன்னது. அரசு தன் செலவில் ஏற்கெனவே கட்டி முடித்திருந்த பகுதிகளையும் வசூலோடு சேர்த்து ஒப்படைத்தது. ஒரு வியாபாரத்தில் நட்டம் வந்தால் ஊர் தாங்கும், லாபம் வந்தால் முதலாளிக்கு என்றால், அதைத் தனியார் முதலீடு என்று எப்படிச் சொல்வது?

இதை அன்றைக்கே கேட்டவர் உண்டு. அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் 1987-இல் அந்த ஒப்பந்தத்தைத் தடுக்க நீதிமன்றம் போனார். உச்ச நீதிமன்றம் 1988-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: வரி கட்டுகிறவர், சாலையில் போகிறவர் என்பதற்காக மட்டும் அவருக்கு வழக்குப் போடும் தகுதி வந்துவிடாது. எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் இதுதான். டோல் கட்டுகிறவனுக்கு அந்த டோல் ஒப்பந்தத்தைப் பற்றி நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை என்றாகிவிட்டது. படித்துப் பார்க்கவும் வழியில்லை, ஏனென்றால் ஒப்பந்தங்கள் அதிகாரத்துவ ரகசியச் சட்டத்துக்குள் இருந்தன. 2007-இல் எதிர்க்கட்சியினர் சிலர், பூச்சோங் வழியாகப் போகும் எல்டிபி நெடுஞ்சாலை ஒப்பந்தத்தின் நகலை வெளியிட்டபோது அவர்களைப் போலீஸ் விசாரித்தது. 2009-இல்தான் டோல் ஒப்பந்தங்களின் ரகசியத் தடையை எடுத்தார்கள். இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் அன்றைய தலைவர் சாமிவேலு. அதனால் எங்கள் வீடுகளில் டோல் பேச்சு வந்தாலே அவரைத் திட்ட ஒரு கூட்டமும் தாங்க ஒரு கூட்டமும் கிளம்பிவிடும். ஒரு மனிதரோடு முடிகிற விஷயமில்லை இது. ஒப்பந்தம் போடுகிற முறையே அப்படி இருந்தது.

கிராமப்புறத்தில் ஓடும் நீளமான நெடுஞ்சாலைக்கு டோல் வாங்குவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பக்கத்தில் பழைய சாலை இருக்கிறது, நேரம் மிச்சப்பட வேண்டும் என்பவர் காசு கொடுத்துப் போகலாம். நகரத்துக்குள் வந்தால் கதை வேறு. செராஸ் காஜாங் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது காலங்காலமாக மக்கள் போய்வந்த கூட்டரசுச் சாலை, அதாவது மத்திய அரசின் சாலை. அதையே அகலப்படுத்தி, ஒன்பதாம் மைலிலும் பதினோராம் மைலிலும் சாவடி வைத்து, 1999 முதல் வசூலித்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கு அந்த வழியை விட்டால் சரியான வழி கிடையாது. பண்டார் மக்கோத்தா செராஸில், குடியிருப்பிலிருந்து நெடுஞ்சாலைக்கு நேராக இறங்கும் வழியைக் கான்கிரீட் தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு டோல் கட்டித்தான் போக வேண்டும். 2008-இல் குடியிருப்பாளர்கள் அந்தத் தடுப்பை உடைத்தார்கள், மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தார்கள், போலீஸ் வந்தது. ஒருவர் தன் வீட்டு வாசலிலிருந்து வெளியே வருவதற்கு எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் கட்டண உயர்வு. எல்டிபியில் காருக்கு 1 ரிங்கிட்டாக இருந்தது, 2007-இல் 1 ரிங்கிட் 60 காசு. அந்தச் சாலையிலுள்ள சன்வே வட்டாரத்தில் ஆர்ப்பாட்டம் நடந்தது. 2015-இல் 2 ரிங்கிட் 10 காசு. ஒப்பந்தத்தில் இதற்குமேல் ஏற்றவும் அட்டவணை இருந்தது. ஆனால் ஏற்றினால் ஓட்டுப் போகும் என்று அரசு நிறுத்தி வைக்கும். நிறுத்தியதால் நிறுவனத்துக்கு வராமல் போன வருமானத்தை அரசு கஜானாவிலிருந்து கட்டும், அல்லது ஒப்பந்தக் காலத்தை நீட்டும். செய்தித்தாளில் "டோல் ஏறவில்லை" என்று வரும்போது மக்கள் சந்தோஷப்படுவார்கள். எங்கள் நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. தோட்டத்திலிருந்து மோட்டாரில் வேலைக்குப் போகிறவர் சாவடியில் ஒரு காசு கட்டாவிட்டாலும், கடையில் வாங்கும் பொருளுக்குக் கட்டுகிற வரியிலிருந்து இந்த ஈட்டுத்தொகைக்குப் பங்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கோலாலம்பூர் காரோட்டிகளான எங்களுக்காக.

என் மேசையில் பார்க்கிறதையும் சொல்கிறேன். மாதக் கடைசியில் ஒவ்வொரு லோரிக்கும் டச் அண்ட் கோ என்ற டோல் அட்டையின் கணக்கு அறிக்கை வரும். தேதி, நேரம், நுழைந்த சாவடி, வெளியேறிய சாவடி, தொகை. காருக்கு ஒரு கட்டணம், லோரிக்கு அதைவிடக் கூடுதல், அச்சு அதிகமான பெரிய லோரிக்கு அதற்கும் மேல். அறிக்கையை ஓட்டுநரின் பயணச் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பேன். அறிக்கையில் டோல் பதிவு இல்லாமல், டீசல் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், ஓட்டுநர் பழைய சாலையில் சுற்றிப் போயிருக்கிறார் என்று அர்த்தம். வாடிக்கையாளர் டோலைத் தனியாகத் தர மறுக்கும் பயணங்களில் முதலாளியே அப்படிப் போகச் சொல்வது உண்டு. மற்ற பயணங்களில் டோல் சரக்குக் கட்டணத்தோடு போய்விடும். செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகும் காய்கறி மூட்டைமேல் அது ஏறும், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் வாங்கும் விலையில் ஏறும். காரே இல்லாத பாட்டியும் முருங்கைக்காய் வாங்கும்போது டோல் கட்டுகிறார்.

அப்படியானால் எல்லாச் சாலையையும் அரசே கட்டிவிட்டால்? அதையும் பார்த்திருக்கிறோம். கோலாலம்பூரைச் சுற்றி வரும் எம்ஆர்ஆர்2 அரசு கட்டிய சாலை, டோல் இல்லை. அதன் கெப்போங் மேம்பாலத் தூண்களில் விரிசல் கண்டு 2004-இல் மூடினார்கள், அதற்குப் பிறகும் மூட வேண்டி வந்தது. பழுதுபார்ப்பதில் யார் பொறுப்பு என்ற சர்ச்சை நீண்டது. டோல் நெடுஞ்சாலையில் குழி விழுந்தால் நடத்துகிற நிறுவனத்தைப் பிடித்துக் கேட்க முடிகிறது, ஒப்பந்தத்தில் பராமரிப்புத் தரம் எழுதியிருக்கிறது. மழைநாளில் எந்தச் சாலையில் போகச் சொல்கிறாய் என்று எங்கள் லோரி ஓட்டுநர்கள் கேட்டால், பராமரிப்பு நன்றாக இருக்கிற சாலையைத்தான் சொல்கிறேன். அது பெரும்பாலும் டோல் சாலைதான்.

டோலை எடுத்துவிட்டதும் உண்டு. கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் இரண்டு சாவடியிலும் 2018 ஜனவரி முதல் வசூல் இல்லை. நல்லதுதான். செலவு வரிப்பணத்துக்கு மாறியது. பிளஸ் விஷயத்தில் வேறு வழி பிடித்தார்கள். 2011-இலேயே அதை, அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவுக்குச் சொந்தமான யுஇஎம் நிறுவனம் 51 விழுக்காடும், ஊழியர் சேம நிதி 49 விழுக்காடும் வாங்கியிருந்தன. அதாவது நான் பிளஸ் சாவடியில் கட்டும் காசின் லாபத்தில் ஒரு பகுதி என் ஓய்வுக்காலச் சேமிப்புக்கே போகிறது. 2020 பிப்ரவரியில் கட்டணத்தை 18 விழுக்காடு குறைத்தார்கள். பதிலுக்கு 2038-இல் முடிய வேண்டிய ஒப்பந்தம் 2058 வரை போய்விட்டது. குறைந்த கட்டணம் உடனே கண்ணில் படுகிறது. இருபது ஆண்டு நீட்டிப்பை யாரும் பேசுவதில்லை. இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நடுவயதிலும் அதைக் கட்டுவார்கள்.

எனக்கு மனநிறைவு தந்தது 2022-இல் நடந்த ஏற்பாடு. கோலாலம்பூர் வட்டாரத்து டோல் சாலைகளான எல்டிபி, ஸ்பிரிண்ட், கேசாஸ், ஸ்மார்ட் சுரங்கப்பாதை நான்கையும் அமானாட் லெபுராயா ராக்யாட் என்ற லாப நோக்கமில்லாத நிறுவனம் 548 கோடி ரிங்கிட்டுக்கு வாங்கியது. சந்தையில் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள், அரசின் கஜானாவைத் தொடவில்லை. டோல் தொடரும், ஆனால் ஏறாது. வசூல் கடனை அடைக்கவும் பராமரிக்கவும் மட்டும். உயர்வைத் தள்ளிப்போட்டதற்காக அரசு கட்ட வேண்டியிருந்த ஈட்டுத்தொகையும் நின்றது. பூச்சோங்காரர்கள் "இன்னும் டோல் இருக்கிறதே" என்று குறைப்படுவது நியாயம்தான். ஆனாலும் பங்குதாரருக்கு லாபம் பிரிக்காத டோல் சாலை என்பது எங்கள் நாட்டில் பெரிய மாற்றம்.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: தனியார் நடத்தலாம். ஆனால் வண்டி குறைந்தால் நட்டத்தை அவர்களே ஏற்க வேண்டும், ஏற்கெனவே இருந்த சாலைமேல் சாவடி வைக்கக் கூடாது, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட வேண்டும், முடிவுத் தேதியை மாற்ற நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் நான் எதிர்ப்பேன்.

பண்டிகை இலவசம் பற்றி. தீபாவளி, ஹரி ராயா, சீனப் புத்தாண்டுக்கு நெரிசல் நாளில் டோல் இலவசம் என்று அறிவித்துவந்தார்கள். நிறுவனத்துக்கு வர வேண்டிய தொகையை அரசு கட்டிவிடும். 2025 முதல் அதைப் பாதிக் கழிவாகக் குறைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை தீபாவளிக்கு ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் கூடுதல் ரயில் விடுவதற்குக் கொடுத்தால், கார் இல்லாதவர்களும் ஊருக்குப் போய்ச் சேருவார்கள்.