கரீபியன் கப்பல் பயணம்: துறைமுக நாளும் சாப்பாட்டு மேசையும் (கேள்வி பதில்)

கரீபியன் கடலில் சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கும் நண்பர்கள், கப்பல் தீவுகளில் நிற்கும் நாட்களைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலானோர் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் போன்ற புளோரிடாத் துறைமுகங்களிலிருந்து கிளம்புகிறவர்கள் என்பதால், அந்தப் பயணங்களையே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஜூலையில் மயாமியிலிருந்து மெக்சிகோவின் கோசுமேல் தீவு, கிராண்ட் கேமன், ஜமைக்கா போகிறோம். கரையில் இறங்கிய பிறகு கைப்பேசி காட்டும் நேரத்தை நம்பிச் சுற்றலாமா?

பதில்: நம்ப வேண்டாம். துறைமுக நாளில் எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது கப்பல் நேரம்தான். புளோரிடாவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கிறார்கள்; நீங்கள் சொன்ன மூன்று இடங்களிலும் அந்த வழக்கம் இல்லை. ஆகவே, கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கோசுமேலில் உங்கள் கைப்பேசி மாலை 3.30 என்று காட்டும்போது கப்பலில் மணி 4.30 ஆகியிருக்கும். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்கின்றன, சில மாறுவதில்லை. முந்தைய இரவு வரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். கைப்பேசியில் தானாக நேரம் மாறும் வசதியை நிறுத்திவிட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் கப்பல் புறப்படும் நேரத்தை விட, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரமே முக்கியம். அது பெரும்பாலும் அரை மணி நேரம் முன்னதாக இருக்கும். கிராண்ட் கேமனில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை ஏற்றி இறக்குகிறார்கள். அங்கே கடைசிப் படகு கிளம்பும் நேரமே உங்கள் எல்லை. அலை கடுமையாக இருந்தால் கப்பல் நிற்காமலே போய்விடக்கூடும் என்பதால், வெளியாரிடம் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது அவசியமா?

பதில்: தூரத்தைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்த ஏற்பாட்டில் போனால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கோசுமேலிலிருந்து துலூம் என்ற பழைய மாயா நகரின் இடிபாடுகளைப் பார்க்க வேண்டுமென்றால், எதிர்க்கரையில் உள்ள பிளாயா தெல் கார்மெனுக்கு முக்கால் மணி நேரம் படகில் கடந்து, பிறகு சாலையில் போக வேண்டும். இப்படிப் பல கட்டங்கள் உள்ள பயணத்துக்கு நிறுவனத்தின் சுற்றுலாவே என் பரிந்துரை. தீவுக்குள்ளேயே ஒரு கடற்கரைக்கோ சான் மிகேல் ஊருக்கோ போவதற்கு டாக்ஸி போதும். அங்கே மீட்டர் கிடையாது என்பதால், ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிட வேண்டும். ஒரு துறைமுகத்துக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்கிறவர்களே நிறைவாகத் திரும்புகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வயதான பெற்றோருடன் வருகிறோம். அவர்கள் சுத்த சைவம், இரவில் சோறும் பருப்பும் இல்லாமல் முடியாது. கப்பலில் கிடைக்குமா?

பதில்: கவலை வேண்டாம், ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களின் முதன்மை உணவகத்தில் இந்தியச் சைவ உணவு கிடைக்கும். பயணத்துக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, முதல் இரவே தலைமைப் பணியாளரிடம் முட்டை ஆகுமா, வெங்காயம் பூண்டு ஆகுமா என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லுங்கள். மறுநாளைக்கு வேண்டியதை முந்தைய இரவே சொல்லிவிட்டால், சமையலறை தனியாகச் செய்து தரும். பணியாளர்களில் இந்தியர்கள் பலர் இருப்பதால், என்ன கேட்கிறீர்கள் என்பதை விளக்குவதும் எளிது. வருவது பெரும்பாலும் வட இந்தியச் சமையலாகவே இருக்கும். ரசத்தையும் இட்லியையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று பெற்றோரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இதற்காகவே, குறித்த நேரத்தில் குறித்த மேசை என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். தினமும் அதே பணியாளர் வருவதால், மூன்றாம் நாளுக்குள் பெற்றோரின் தேவை அவருக்கு மனப்பாடமாகிவிடும். முதல் பந்தி மாலை ஆறு மணியை ஒட்டித் தொடங்குவதால், கரையிலிருந்து தாமதமாகத் திரும்பும் நாட்களில் அவசரமாக இருக்கும். அன்று பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம். பஃபேக்குப் போகும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ், கைக்குத் தேய்க்கும் சானிடைசருக்கு எளிதில் சாவதில்லை.

கேள்வி: கப்பலிலிருந்து சாண்ட்விச், பழம் எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கலாமா?

பதில்: கூடாது. பழம், இறைச்சி, சமைத்த உணவு ஆகியவற்றைத் தீவுகளின் வேளாண் விதிகள் தடுக்கின்றன. பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் போன்றவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை.

கேள்வி: அப்படியென்றால் கரையில் சைவர்கள் என்ன சாப்பிடுவது?

பதில்: தீவுக்குத் தீவு வேறுபடும். மெக்சிகோவில் அவரை மசியலில் பன்றிக் கொழுப்பும், சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது சகஜம் என்பதால், பார்வைக்குச் சைவமாக இருப்பதையும் கேட்டுத்தான் உண்ண வேண்டும். ஜமைக்காவில் ராஸ்தாபாரி சமயத்தவரின் ஐட்டல் உணவு, காய்கறி, பயறு, தேங்காய்ப்பால் கொண்டு சமைப்பது. கட்டாயம் தேடிப் பாருங்கள். கப்பல் டிரினிடாடில் நின்றால், மென்மையான இரண்டு பொரித்த ரொட்டிகளில் கொண்டைக்கடலைக் கறி வைத்துத் தரும் டபுள்ஸை விட்டுவிடாதீர்கள். ஒரு தீவில் அரை நாள் இருந்தும் கப்பல் சாப்பாட்டுக்காகவே மதியம் திரும்பி ஓடுகிறவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் கப்பல் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் நிற்கிறது. அங்கே தமிழர் கோயில் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1848-இல் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுசென்றார்கள்; குவாதலூப்புக்கு முதல் கப்பல் 1854-இல் வந்தது. அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். அவர்கள் வழிவந்தோர் இன்று தமிழ் பேசுவதில்லை என்றாலும், மாரியம்மன் வழிபாட்டைக் கைவிடவில்லை. கபெஸ்டெர்-பெல்-ஓ ஊரில் சாலையோரத்திலேயே நிற்கும் ஷாங்ஜி கோயிலுக்கு, கப்பல் நிற்கும் புவான்-த-பீத்ரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகவர இரண்டுக்கும் சேர்த்து டாக்ஸி பேசி, ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். அங்கே செலாவணி யூரோ, பேச்சு பிரெஞ்சு. மதியத்துக்குக் கொலம்போ என்ற கறியைக் கேளுங்கள். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்த அதன் பொடி, நம் முன்னோர் கப்பலேறியபோது கூடவே போனது. ஆட்டிறைச்சியோ கோழியோ சேர்ந்தே வரும் என்பதால் சைவர்கள் பொடியை மட்டும் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: உடை, களிம்பு விஷயத்தில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

பதில்: இரண்டு உண்டு. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், செயின்ட் லூசியா போன்ற நாடுகளில் இராணுவத்தினர் அணிவது போன்ற திட்டுத்திட்டான (கேமஃப்ளாஜ்) உடையைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பியையும் சேர்த்துப் பாருங்கள். செயின்ட் தாமஸ் உள்ளிட்ட அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரிலீன் கலந்த வெயில் களிம்புக்கு 2020 முதல் தடை இருக்கிறது. பவளப்பாறைகளைக் காக்கவே இந்தச் சட்டம். துத்தநாக ஆக்சைடு களிம்பை வாங்கிச் செல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் கவனித்தும் கப்பலைத் தவறவிட்டால்?

பதில்: துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் முகவர் இருப்பார்; அவருடைய தொலைபேசி எண் அன்றாடத் தாளில் இருக்கும். காலையில் இறங்கும் முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறவில்லை என்று தெரிந்ததும், கேபின் பெட்டகத்திலிருந்து கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது பல கப்பல்களில் வழக்கம். ஆனாலும் அதன் நகலும், அமெரிக்க விசாவின் நகலும், ஒரு கடன் அட்டையும் கரையில் உங்கள் கையில் இருக்கட்டும். அடுத்த துறைமுகம்வரை விமானச் செலவு உங்களுடையது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பலைத் தவறவிடுவதற்கும் அது ஈடு தருமா என்று கேட்டு எடுங்கள்.