பாடினவர் பேர்

அன்புள்ள ஐயா,
நான் முல்லைத்தீவு. சங்கீதத்தில் பட்டம் முடித்துவிட்டேன். பல்கலைக்கழக நூலகமொன்றில் இசைப் பகுதியைப் பார்க்க ஆசை. அப்பா, “சங்கீதம் படிச்சது புத்தகத்தில தூசு தட்டவோ?” என்கிறார். நூலகவியல் படிக்கவா, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கவா? எங்கள் பகுதி நாட்டார் பாடல்களைச் சேகரிக்கவும் விருப்பம்.
க.

அன்புள்ள பிள்ளை,

இங்கே பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் என்றால் விரிவுரையாளர் தரத்துப் பதவி என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நூலகவியல் கொழும்பில் படிக்கலாம், படியுங்கள். இடையில் நியமனம் வந்தால் எடுங்கள், சாப்பிட வேண்டும்தானே. இது போதும்.

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கிளப்பிவிட்டது. யாருடைய பாடல்களைச் சேகரிக்கப் போகிறீர்கள்? ஒரு பேர்கூட இல்லையே.

ஒட்டுசுட்டானில் அருவி வெட்டு, அதாவது நெல் அறுப்பு, என்றால் என் பெரியம்மாதான் முன்பாட்டு, மற்றப் பெண்கள் அவ விட்ட இடத்தில் வாங்கிப் பாடுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ரேப் றெக்கோடரோடு சிலர் வந்து, அவவைத் திண்ணையில் இருத்திப் பாட வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். கனகாலத்துக்குப் பிறகு ஒரு நிறுவனத்தில், பேர் வேண்டாம், அந்தக் கசற்றைக் கேட்டேன். பாட்டுக்கு நடுவே நாயைத் துரத்துகிற குரலை வைத்துத்தான் அவவை எனக்குத் தெரிந்தது. உறையில் ‘வன்னி நாட்டார் பாடல்’ என்று மட்டும் இருந்தது. ஊர் இல்லை, ஆண்டு இல்லை, ஆனால் பதிவு செய்த ஐயாவின் பேர் மட்டும் பட்டத்தோடு இருந்தது.

பாட்டைக் கட்டினது யாரென்று தெரியாது, சரி. பாடினவ முன்னாலதானே இருந்தவ? கேட்க வாயில்லையா? கச்சேரிக் கசற் என்றால் வயலின் யார், மிருதங்கம் யார், என்ன ராகம் என்று எல்லாம் எழுதத் தெரிகிறது. கோவலன் கூத்து என்றால் அதைப் பழக்கின அண்ணாவியார் பேரை எழுதக் கை வராது. மத்தளக்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நூலகத்து டூயி பகுப்பில் நாட்டார் இசைக்குரிய எண் 781.62 என்று போட்டுத் தட்டில் ஏற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆளாக நீங்கள் வந்தால், பிள்ளை, பேசாமல் நியமனத்துக்கே காத்திருங்கள். கூத்துக் கொப்பியில் வரி இருக்கும், மெட்டு இராது. 2009க்குப் பிறகு கொப்பி மிஞ்சின வீடும் குறைவு. ஒரே தருவை, அதுதான் கூத்துப் பாட்டை, இரண்டு அண்ணாவியார் இரண்டு மாதிரி இழுப்பார்கள், பேர் இல்லாவிட்டால் இது யாருடைய இழுப்பு என்று பிறகு யார் சொல்வது?

கையில் ஒரு கசற் வந்தால் முதலில் அதன் முதுகிலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் துண்டையும் உடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது மேலே சினிமாப் பாட்டைப் பதிந்துவிடுவார்கள். பிரதி எடுத்து ஊருக்குக் கொண்டுபோய், கிழவிகளுக்குப் போட்டுக் காட்டி, “இது ஆர்?” என்று கேளுங்கள். ஒருத்தி இல்லாவிட்டால் ஒருத்தி சொல்லுவா. பூஞ்சணம் பிடித்த கசற்றை மட்டும் ஓடவிட வேண்டாம், மெஷினில் ஒட்டி அடுத்ததற்கும் பரவும். அதைத் துடைக்கத் தெரிந்த ஒருவர் வவுனியாவில் இருக்கிறார், விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன்.