2024-இல் வெளியான இசை ஆல்பங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை? ஏன்?

மூன்று. மெய்யழகன், வாழை, விடுதலை பாகம் 2.

பெயர்களை மட்டும் போட்டுவிட்டுப் போயிருப்பேன். கடைசியில் "ஏன்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்கு இருபது இருபத்தைந்து வயது இருக்கும் என்று நினைக்கிறேன். டிசம்பர் வந்தால் பாட்டுச் செயலிகள் "இந்த ஆண்டு நீங்கள் இத்தனை நிமிடம் கேட்டீர்கள்" என்று ஒரு கணக்குக் காட்டுகின்றனவே, அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் என்ன கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்திருப்பீர்கள். எனக்கும் அந்தக் கணக்கு வந்தது. ஆனால் அதில் பாதி என் அம்மா கேட்டது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. 2024 முழுக்க செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம். அதில் இரண்டு ஊசி குத்திவிட்டால் முடிகிற வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கையில் பிரஷர் பார்க்கிற பட்டை. ஆக, இரண்டு கையும் இருந்தும் ஒரு புத்தகத்தைப் புரட்ட முடியாது. வார்டில் ஒரு டிவி உண்டு. அதில் என்ன ஓடும் என்பதை ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முடிவு செய்வார். அதனால் நான் அம்மாவின் வலது பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஒயர் இருக்கிற பழைய இயர்போனில் ஒரு முனையை அவர் காதிலும் மறு முனையை என் காதிலும் வைத்துக்கொள்வேன். அப்படித்தான் முப்பது ஆல்பங்களுக்கு மேல் கேட்டோம். எல்லாம் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசையாக.

சினிமாப் பாட்டுத் தொகுப்பை ஆல்பம் என்று சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள் என்று தெரியும். தனி இசைக்கலைஞர்கள் எவ்வளவோ நல்ல வேலை செய்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு இசை வந்த வழி அது. அப்பா வாங்கி வந்த டூ-இன்-ஒன், ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று வந்த கேசட்டுகள். காசு இருக்கிற மாதத்தில் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கடையில் பதிந்து வாங்குவோம். அறுபது நிமிடக் கேசட்டில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். அப்படி அறுந்துபோன ஒரு பாட்டை அம்மா சமையல்கட்டில் பாடுவார். இரண்டாம் சரணத்தில், நாடா தீர்ந்த அதே சொல்லில் நிறுத்திவிடுவார். முழுப் பாட்டும் இன்றைக்குக் கைபேசியில் இருக்கிறது. போட்டும் காட்டிவிட்டேன். ஆனாலும் பாடும்போது அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டுத்தான் குக்கரைத் திறப்பார்.

இப்போது ஒரு ஆல்பத்தை வரிசையாகக் கேட்பதே பெரிய வேலையாகிவிட்டது. முதலில் ஒரு பாட்டு வரும், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, படம் வருகிற நேரத்தில் மீதி. நான் வைத்திருந்த செயலியில் காசு கட்டாவிட்டால் பாட்டுகள் மாறி மாறித்தான் வரும். நடுவில் விளம்பரம் வேறு. அம்மாவுக்காக மாதச் சந்தா கட்டினேன். கட்டிய பிறகும் பல பாட்டுகளுக்கு எழுதியவர் பெயரைக் காணோம். பதினைந்து ரூபாய்க் கேசட் அட்டையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்திலாவது அந்தப் பெயர் இருந்தது. ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "யாரு எழுதுனது?" அதற்குப் பதில் தேட நான் வேறு நான்கு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. பாட்டு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது செய்யப்படுகிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

மெய்யழகனுக்கு வருகிறேன். கோவிந்த் வசந்தா இசை. 96 படத்துக்குப் பிறகு அதே இயக்குநர் பிரேம்குமாரோடு சேர்ந்த படம். 1996-இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், பல ஆண்டு கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் திரும்பி வருவதுதான் கதை. அம்மா பிறந்தது கொரடாச்சேரி பக்கம், நீடாமங்கலத்துக்கு அடுத்து. கதையைச் சொல்லாமல் முதலில் பாட்டை மட்டும் போட்டேன். "யாரோ இவன் யாரோ" தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, "இது கமலுல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அம்மாவும் 1954-இல் பிறந்தவர். "என் வயசு அவருக்கு. குரலப் பாரு, நடந்து களைச்சு வந்து திண்ணையில உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். நான் எவ்வளவோ விமர்சனங்கள் படித்தேன், அந்தக் குரலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. "போறேன் நான் போறேன்" உமாதேவி எழுதியது என்று தேடிச் சொன்னேன். "பொம்பள எழுதுனதா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு மெஷின் சத்தம் போட்டது, டெக்னீஷியன் வந்து குழாயைச் சரிசெய்தார், இயர்போன் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துக் காதில் வைத்தபோது அம்மா கேட்டது பாட்டைப் பற்றி அல்ல. "பெரியவன் இதக் கேட்டிருப்பானா?"

பெரியவன் என்றால் என் அண்ணன். இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு பாட்டு இணைப்பாவது குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்புவார், "அம்மாவுக்குப் போட்டுக் காட்டு" என்று. நல்ல ரசனை அவருக்கு, அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆண்டு இரண்டு முறை ஊருக்கு வந்தார். இரண்டு முறையும் வார்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஒத்துக்காது" என்று காருக்குப் போய்விட்டார். மருந்துச் செலவில் பாதிக்கு மேல் அவர்தான் கொடுக்கிறார், இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் நியாயம் இல்லாதவனாகிவிடுவேன். இருந்தாலும் அந்த ஸ்டூலில் ஒரே ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு ஆல்பம் முடிகிற வரைக்கும் அவர் உட்கார்ந்திருக்கலாம். அம்மா அதைக் கேட்க மாட்டார். நானும் நேரில் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

ஜூன் மாதம் விஜய் நடித்த கோட் படத்தின் "சின்னச் சின்னக் கண்கள்" வந்தது. இளையராஜாவின் மகள், பாடகி பவதாரிணி அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று காலமாகிவிட்டார். அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி தம்பி யுவன் அந்தப் பாட்டில் சேர்த்திருந்தார். லால் சலாம் படத்தில் ரஹ்மானும் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் இப்படிக் கொண்டுவந்திருந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்து. எனக்கு இந்த முறையில் உடன்பாடு கிடையாது. மூச்சு இல்லாத ஒரு குரலைப் பாட வைக்கிறோம் என்ற கூச்சம் கேட்கும்போதெல்லாம் வருகிறது. அக்காவை இழந்த தம்பியின் மனதை எடைபோட நான் யார் என்பதும் தெரியும். அதனால் அவரை ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் விவரத்தைச் சொன்னேன். என்னைப் போலவே முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்கப்பா இதக் கேட்டாராமா?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வாதாடத் தோன்றவில்லை.

வாழை விஷயத்தில் நான் செய்தது தப்பு.

மாரி செல்வராஜ் படம், சந்தோஷ் நாராயணன் இசை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் சுமக்கப் போனவர்கள் லாரி கவிழ்ந்து இறந்த உண்மைச் சம்பவம் உள்ளே இருக்கிற கதை. முதல்நாள் ராத்திரியே நான் தனியாக எல்லாப் பாட்டையும் கேட்டுவிட்டேன். பாடகி தீ பாடிய "தென்கிழக்கு" அம்மாவுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தது. இளவயதில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர் அவர். ஆனால் "பாதவத்தி" என்று ஒரு பாட்டு. ஒப்பாரியாகவே எழுகிற பாட்டு. அந்த வாரம் பக்கத்துக் கட்டிலில் எப்போதும் வருகிற பெரியவர் வரவில்லை. வியாழக்கிழமை இறந்துவிட்டார். சனிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார், விரிப்பும் மாற்றியாகிவிட்டது. அந்தக் கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில், ஊசி குத்தியபடி படுத்திருக்கிற அம்மா காதில் ஒப்பாரியைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பாட்டு வந்ததும் ஸ்கிப் செய்துவிட்டேன்.

"எதத் தள்ளுன?" என்றார் அம்மா. கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். "விளம்பரம்மா" என்றேன். சந்தா கட்டியபோது இனி விளம்பரம் வராது என்று அவரிடம் சொன்னவனே நான்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சோர்வு கொஞ்சம் தெளிந்த பிறகு, என் மகளைக் கூப்பிட்டு அந்தப் படத்துப் பாட்டு எல்லாவற்றையும் போடச் சொல்லியிருக்கிறார். நான் கடையிலிருந்து திரும்பியபோது கூடத்தில் "பாதவத்தி" ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. பாட்டு முடிந்ததும் முதலில் சொன்னது, "நம்ம பக்கம் பாதகத்தின்னு சொல்லுவோம். அங்க பாதவத்திங்கிறாங்கபோல." அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதத்தான் தள்ளுனியா?"

"நீ பயந்துக்குவேன்னுதாம்மா."

"எனக்கென்னடா பயம். நீதான் பயந்துக்கிட்ட." கொஞ்சம் இருந்துவிட்டு, "பக்கத்துக் கட்டில் பெரியவரு அஞ்சு மாசம் நம்மளோட கெடந்தாரு. செத்துப்போனதுக்கு அங்க ஒருத்தர் ஒரு குரல் எடுத்து அழுவலையே. ஒரு பாட்டாவது ஓடியிருக்கும், அதையும் தள்ளிவுட்டுட்ட" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெஷினில் போட்டதும் அவரே கேட்டார், அதே வாழையை முதலிலிருந்து போடு என்று. போட்டேன். அந்தப் பாட்டு வந்தபோது நான் பெரியவர் படுத்திருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அந்தப் பக்கம்தான் பார்த்தார். வேறெதுவும் நடக்கவில்லை. டயாலிசிஸின்போது சட்டென்று இறங்கிவிடுகிற பிரஷர்கூட அன்றைக்கு இறங்கவில்லை. இதை ஒரு மருத்துவத் தகவலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டு கேட்டால் உடம்பு சரியாகும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை.

அனிருத் இல்லையா, தங்கலான் இல்லையா, அமரன் இல்லையா என்று கேட்பீர்கள். தங்கலானில் "மினிக்கி மினிக்கி" எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. லப்பர் பந்தில் விஜயகாந்தின் பழைய பாட்டு வந்த இடத்தில் அம்மா கால் விரல்களை ஆட்டினார். ஒரு பாட்டு பிடிப்பது வேறு. ஒரு ஆல்பம் முடிந்ததும் அடுத்தது எதையும் போடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தோன்றுவது வேறு. எனக்கு அந்த ஆண்டில் அப்படித் தோன்றியது மூன்றே முறை. உங்களுக்கு வேறு மூன்று இருக்கலாம், சண்டை இல்லை.

மூன்றாவது விடுதலை பாகம் 2. டிசம்பர் 31 செவ்வாய்க்கிழமையாக வந்தது, ஆண்டின் கடைசி டயாலிசிஸ். வார்டில் யாரோ கேக் வாங்கி வந்திருந்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு என்பதால் ஒரு விள்ளல்தான். இளையராஜாவும் அனன்யா பட்டும் பாடுகிற "தினம் தினமும்" வந்தபோது அவரே என் கைபேசியைப் பக்கத்தில் நகர்த்தச் சொல்லிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். 81 வயதில் ஒருவர் இசையமைத்து, எழுதி, தானே பாடவும் செய்கிறார். குரல் சில இடங்களில் தளர்கிறது, அதை மறைக்கவும் இல்லை. அந்தத் தளர்ச்சி எனக்கு அந்தப் பாட்டில் குறையாகவே படவில்லை. அம்மாவுக்கு இந்த ஆல்பம் ஏன் பிடித்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆல்பம் முடிந்தபோது மெஷினில் இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. வேறு ஏதாவது போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, இயர்போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஊசி எடுக்க டெக்னீஷியன் வந்து எழுப்புகிற வரை நானும் என் பக்கத்து முனையைக் கழற்றவில்லை.