‘சிரித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: என் இளைய மகளுக்கு 16 வயது. மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளர்கிறது. த்ரெட்டிங் செய்தாலும் திரும்ப வந்துவிடுகிறது. மாதவிலக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். போன மாதம் வீட்டு விசேஷத்தில் அவள் சித்தப்பா விளையாட்டாக “என்னடா தம்பி” என்று கூப்பிட, எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்கிறாள். மூன்று மாதத்தில் மூத்தவள் கல்யாணம். எலக்ட்ராலிசிஸ் செய்தால் நிரந்தரமாகப் போய்விடுமாமே, அதற்குள் முடித்துவிடலாமா?

பதில்: முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘எல்லோரும் சிரித்தார்கள்’ என்று நீங்கள் எழுதவில்லை. ‘சிரித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மனசு மறைக்கப் பார்த்ததைக் கை எழுதிவிட்டது. அத்தனை பேர் நடுவில் அவமானப்பட்ட பிள்ளை முதலில் யார் முகத்தைத் தேடியிருக்கும்? அந்த முகமும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. இதில் ‘விளையாட்டாக’ என்று சித்தப்பாவுக்கு வக்காலத்து வேறு!

கொழுந்தனாரிடம் எப்படிச் சொல்வது என்பீர்கள். “அவளை அப்படிக் கூப்பிடாதீங்க” என்று சொன்னால் உறவு அறுந்துவிடாது. நானும் பெரியவர்களுக்கு மரியாதை தரவேண்டும் என்று சொல்கிற பழைய ஆள்தான். ஆனால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்து வாங்கும் நல்ல மருமகள் பட்டம் எனக்குப் பிடிக்காது.

சரி, எலக்ட்ராலிசிஸ் என்கிற அந்த ஊசிக்கு வருவோம். 1875-ல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமை முடிகளுக்காக எழுதி வெளியிட்ட வழி இது. முடியைப் போன்ற மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் விட்டு, மின்சாரம் செலுத்தி வேரைச் சாகடிப்பார்கள். சூட்டால் செய்வதுண்டு, மின்சாரம் உள்ளே உண்டாக்கும், வேரை அரிக்கும் காரத்தால் செய்வதுண்டு, இரண்டையும் கலந்தும் செய்வதுண்டு. வேர் செத்துவிட்டால் இடுக்கியால் தொட்டதும் முடி வழுக்கிக்கொண்டு வரும். லேசர் வைத்தியம் முடியின் கருமையை நம்பி வேலை செய்வது. இந்த ஊசிக்கு எந்த நிற முடியும் ஒன்றுதான். செத்த வேர் மறுபடி முளைக்காது, உண்மை.

ஆனால் ஒவ்வொரு முடியாகத்தான் எடுக்க வேண்டும். எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதும் இல்லை. சில உறங்கிக் கிடக்கும், அப்புறம் தலைகாட்டும். அதனால் வாரக்கணக்கில் விட்டு விட்டுப் போகவேண்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும்.

நீங்கள் யோசித்தே பார்க்காதது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இடுக்கியில் பிடிக்கிற அளவுக்கு முடி வளர்ந்திருக்க வேண்டும். இடையில் த்ரெட்டிங், வாக்ஸிங் கூடவே கூடாது. அதாவது, முடி தெரிகிற முகத்தோடு அந்தப் பெண் சில நாள் உங்கள் கூடத்தில் நடமாட வேண்டும். ஊசி போட்ட பிறகு முகம் சிவந்து, லேசாக வீங்கி, பொடிப் பொடியாகப் பொருக்கு தட்டும். அப்போது அவள் சித்தப்பா வந்து உட்கார்ந்தால்? இப்போதுள்ள உங்கள் வீட்டில் இந்த வைத்தியத்தை அவளால் தாங்க முடியாது.

கடிதத்தில் இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்து வந்தால், பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஊசி போட்டால், செத்த வேர் செத்ததுதான், ஆனால் பக்கத்திலுள்ள பூனைமுடி கறுத்துத் தடிக்கும். முடி திடீரென்று வேகமாக அதிகரித்தாலோ குரல் தடித்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த எலக்ட்ராலிசிஸ் யோசனை யாருடையது? அவள் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கல்யாண ஆல்பத்துக்காகத்தான் என்றால் விட்டுவிடுங்கள். அவளுக்கே வேண்டும் என்றால், தழும்பு தடிக்கிற சருமமா, கருமை படியுமா என்று தோல் டாக்டரிடம் கேட்டுவிட்டு, கைதேர்ந்தவரிடம் போகலாம்.

முதலில் சித்தப்பாவுக்கு போன் போடுங்கள். அவள் அந்த அறையில் இருக்கும்போதே பேசுங்கள். அப்புறம் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அங்கே மாதவிலக்குத் தேதியைக் கேட்டால் அவளே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.