ஓய்வறையில் கழலும் முகக்கவசம்

கேள்வி: பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளிகளிடம் மிகுந்த கவனத்துடன் நடந்துகொண்ட எங்கள் செவிலியர்கள், ஓய்வறையில் மட்டும் நெருங்கி அமர்ந்தே உண்டார்கள். பலமுறை சொல்லியும் மாறவில்லை. மீண்டும் அப்படியொரு நிலை வந்தால் என்ன செய்யலாம்?

பதில்: இதை அலட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள். நோயாளியைத் தொற்றுக்கான ஊற்றாகப் பார்க்கப் பழகிய மனம், நாள்தோறும் உடன் உழைக்கும் தோழியை அவ்வாறு பார்க்க மறுக்கிறது. ஆனால் கோவிட்-19 நோயில், அறிகுறி தோன்றுவதற்கு முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்று பரவியது. உண்பதற்காக முகக்கவசத்தைக் கழற்றும் அந்தச் சில நிமிடங்களே ஆபத்தானவை.

உலக சுகாதார நிறுவனம் அப்போது குறைந்தது 1 மீட்டர் இடைவெளியை வலியுறுத்தியது. அதைச் சுவரொட்டியில் எழுதி ஒட்டுவதைவிட, ஓய்வறையிலிருந்து பாதி நாற்காலிகளை அகற்றிவிடுவது அதிகம் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. உணவு இடைவேளையைப் பிரித்து, ஒரு வேளைக்கு இருவர் மூவர் மட்டும் செல்லுமாறு பணிப்பட்டியலிலேயே குறித்துவிடுங்கள். மூடிய அறையில் நுண்துளிகள் காற்றில் தங்குவதால், இடைவெளி மட்டும் போதாது. சன்னல்களும் திறந்திருக்க வேண்டும். பணி முடித்தவர் அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பேச்சையும் விசாலமான இடத்திற்கு மாற்றலாம்.

மூத்த மருத்துவர்கள் நெருங்கி நின்று பேசினால், இளையவர்களும் அப்படியே நிற்பார்கள். எனவே முதலில் மூத்தவர்களிடம் பேசுங்கள். இன்னொன்றும் உண்டு: களைத்துப்போனவர்களுக்கு ஓய்வறையில் நடக்கும் உரையாடலே ஆறுதல். திறந்த வெளியில் தள்ளித் தள்ளி இருக்கைகளைப் போட்டு, அந்த ஆறுதல் அவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கச் செய்யுங்கள்.