பழைய எஸ்யூவியில் இஞ்சின் மேல்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கிறதே, ஏன்?

இதைத்தான் நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'டேப்பெட் அடிக்குது' என்பார்கள். இஞ்சினுக்குள் காற்றை விடவும் புகையை வெளியேற்றவும் திறந்து மூடுபவை வால்வுகள். வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே வேண்டுமென்றே மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். சூட்டில் இரும்பு நீளுமே, அதற்கு இடம் வேண்டும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஓடித் தேய்ந்து அது கூடினால், வார் தளர்ந்த செருப்பு நடக்க நடக்க 'பட் பட்' என்று அடிப்பதுபோல ஒவ்வொரு முறையும் தட்டும்.

சில இஞ்சின்களில் இந்த இடைவெளியை ஆயில் அழுத்தமே நிரப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டி காலையில் சில நொடி தட்டிவிட்டு அடங்கினால் பயமில்லை. பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு மலையேறி, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் தட்டினால்தான் கவலை. முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆற விட்டு, டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். நிறையப் பேர் இதைச் செய்யாமலேயே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறார்கள்.

ஆயில் சரி, ஆனாலும் சத்தம் என்றால், இடைவெளியைத் திருத்தும் வசதியுள்ள இஞ்சினில் டேப்பெட் செட் பண்ண வேண்டும். காதால் கேட்டுச் செய்ய விடாதீர்கள். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு, சொன்ன சூட்டில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், சத்தமே வராமல் இறுக்கி வைப்பதுதான் நல்ல செட்டிங் என்று பலர் நம்புகிறார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது, சத்தமில்லாமலே கருகிவிடும்.